பூச்சியத்துக்குக் கீழே

நான் கழற்றித் திரும்பப் பூட்டிய பொருட்களில் மிக அருவருப்பானது ஒரு கொம்பைலர். கட்டாரில் தொழிலாளர் விடுதியின் அடைத்த கழிவுக் குழாயைக் கழற்றியிருக்கிறேன். வவுனியாவில் குளத்துக்குள் விழுந்த கைத்தொலைபேசிகளைத் திறந்திருக்கிறேன். அவற்றில் இருந்த அழுக்கு தானாக வந்து சேர்ந்தது. இதில் இருந்த அழுக்கையோ, படித்த மனிதர்கள் கதிரையில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, யோசித்துப் போட்டிருந்தார்கள்.

கொம்பைலர் என்பது மனிதர் எழுதும் கட்டளைகளை இயந்திரம் விளங்கிக்கொள்ளும் எண்களாக மாற்றித் தரும் மென்பொருள். யாழ்ப்பாண நகரில் மாடியில் இயங்கிய ஒரு மென்பொருள் நிறுவனக் கந்தோரின் முதலாளி, தன் பல்கலைக்கழக நாட்களில் ஒரு சின்ன நிரல்மொழியை உருவாக்கியிருந்தார். தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டிகளுக்கான மொழி அது. மண் காய்ந்தால் போடு, வெயில் ஏறினால் நிறுத்து என்று நாலைந்து வரியில் எழுதி முடிக்கலாம். மொழியை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். அதன் வயிற்றுக்குள்தான் குப்பை.

போரில் இடம்பெயர்ந்த வருடம் என் பள்ளிக்கூடம் நின்றது. பிறகு நான் அதற்குத் திரும்பிப் போகவில்லை. நிரல் எழுதுவதைக் கட்டாரில், திரை உடைந்த ஒரு மடிக்கணினியில் பழகினேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. அந்தக் கந்தோரில் என்னை எடுத்தார்கள் என்றால், கொம்பைலரின் உள்ளே துப்புரவு செய்ய வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் நாளே ஏன் என்று விளங்கியது. ஒரு வாடிக்கையாளர் முறைப்பாடு சொன்னால், அவருடைய ஊர்ப் பெயரைக் கொம்பைலருக்குள்ளேயே எழுதி ஒரு நிபந்தனை போட்டுவிடுவார்கள். சண்டிலிப்பாய் என்றால் இந்தக் கணக்கை இப்படிச் செய். தொண்டைமானாறு என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போ. பிழையின் காரணத்தை யாரும் தேடியதில்லை. பிழை எந்த ஊரில் வந்தது என்று மட்டும் கேட்டார்கள். குடாநாட்டுப் பஸ் நிறுத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பில் இருந்தன. கொம்பைலர் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் பரிசோதனைகளும் அந்த இலட்சணத்தில்தான். பரிசோதனை தோற்றால், வந்த பிழையான விடையை எடுத்துச் சரியான விடையின் இடத்தில் எழுதிவிடுவார்கள். அடுத்த நாள் திரையில் எல்லாம் சரி என்று பச்சை.

ஆறு மாதம் அதைப் பிரித்தேன். முடிவில்லாமல் நீண்ட ஒரு பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் விளங்கக்கூடிய பெயர் வைத்தேன். நடத்தை எதுவும் மாறக்கூடாது என்பது சேரின் கட்டளை. முதலாளியை எல்லாரும் சேர் என்றுதான் சொல்வோம். நானும் எதையும் மாற்றவில்லை. பழைய வீட்டுச் சாமானைப் புது வீட்டில் அடுக்குவதுபோல் அப்படியே நகர்த்தினேன். எலி செத்துக் கிடந்த பெட்டியையும் திறக்காமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

குருநகரில் மீன் விற்கும் பெண்களின் சங்கம் ஒன்று, ஒரு குளிரறையை நடத்தியது. தோட்டத்துக்குச் செய்த எங்கள் பெட்டியைத்தான் அங்கேயும் பூட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் பிரச்சினை இல்லை. கடைசியாக இன்னொரு வெப்பமானியைச் சேர்த்துப் பூட்டிய பிறகு உள்ளே வைத்த கணவாயும் இறாலும் பழுதாகத் தொடங்கின. முறைப்பாட்டுக்குப் போன எங்கள் ஆள், கதவைச் சரியாகச் சாத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு அவர் லீவில் போனதால், மூன்றாவது முறைப்பாட்டுக்கு ஒரு வியாழக்கிழமை காலை என்னை அனுப்பினார்கள்.

கதவைத் திறந்ததும் நாற்றம் நெஞ்சில் குத்தியது. மீன் அடுக்கிய ரெஜிபோம் நுரைப் பெட்டிகளின் அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர். குளிரறைப் பூட்டின் திறப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். அந்தத் திறப்புக்காகவே காலையில் எல்லாரும் அவவைத் தேடி வருவார்கள்.

"நீங்களும் கதவு எண்டுதான் சொல்லப்போறியளோ?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

"சொல்லிப்போட்டுப் போங்கோ. ஒரு மாதமா எல்லாரும் சொல்லினம். வீட்டிலை நிக்கிற பூனையும் என்னைப் பாத்துக் கதவைச் சாத்து எண்டுதான் கத்துது."

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கம் கூடித் திறப்பைத் தன்னிடமிருந்து வாங்கப் போகிறது என்றா. திறப்பு போனால், மற்றவர்களின் மீனை அழுகவிட்டவள் என்ற பெயரோடு தினமும் அவர்களுக்கு நடுவில் இருந்து விற்க வேண்டும்.

"முதல் வந்தவர் எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"மூக்கைப் பொத்திக்கொண்டு அஞ்சு நிமிஷம்."

நான் கதவைச் சாத்தி, வெளியே பெட்டிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தேன். பெட்டியின் சின்னத் திரை இரண்டு வெப்பமானிகளின் எண்களையும் காட்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கின. பூச்சியத்துக்குக் கீழே போனதும் குளிரூட்டும் மோட்டார் நின்றது. எண்கள் திரும்ப ஏறியதும் மோட்டார் ஓடியது. கீழே போனதும் மறுபடி நின்றது. மறை பதினெட்டில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டில், உறைய வேண்டிய மீன் ஒரு மாதமாகப் பூச்சியத்தில் ஊறிக்கொண்டிருந்தது. கதவை யாரும் தொடவில்லை.

காரணம் கொம்பைலருக்குள் இருந்தது. இரண்டு வெப்பமானிகளின் சராசரியை எடுக்க இரண்டால் வகுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தவரை வகுக்கத் தேவை இருக்கவில்லை. வகுத்தல் அந்தச் சின்னப் பெட்டிக்கு மெதுவான வேலை என்பதால், எண்ணின் இரும இலக்கங்களை ஒரு இடம் வலப்பக்கம் தள்ளிவிடும் குறுக்குவழியைச் சேர் எழுதியிருந்தார். நேர் எண்ணில் விடை சரியாக வரும். மறை எண்ணில், முன்னால் நிற்கும் குறியும் சேர்ந்து தள்ளுப்பட்டு, மறை இரண்டு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணாகிவிடும். அவ்வளவு சூடு இருக்க முடியாது, வெப்பமானி பழுது என்று நினைத்துப் பெட்டி மோட்டாரை நிறுத்தும். பரிசோதனைகளைப் பார்த்தேன். இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்திநாலு. யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்து எழுதியவர்களுக்குப் பூச்சியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தக் குறுக்குவழியைத் தனிக் கோப்பில் வைத்து, அதற்கு அழகான பெயர் சூட்டியவன் நான்தான்.

ஒரு வரியில் அதைத் திருத்தி, மறை எண்களுக்குப் பரிசோதனையும் எழுதி, பின்னேரம் சேரிடம் போனேன்.

"கண்டுபிடிச்சிட்டீரோ? நல்லது. குருநகருக்கு ஒரு நிபந்தனை போட்டுவிடும்."

"சேர், இது எல்லா ஊருக்கும் பிழை. பொதுவாத் திருத்தி வைச்சிருக்கிறன்."

"பொதுவாத் திருத்தினால் எல்லாப் பெட்டியையும் கழட்டித் திரும்ப ஏத்த வேணும். ஏன் எண்டு கேப்பினம். என்ன சொல்லுவீர்?"

"பிழை விட்டிட்டம் எண்டு."

சேர் சிரித்தார். "நீர் கம்பஸ் பக்கம் படிக்கப் போகாத ஆள். ஓடுற சாமானிலை கை வைக்கக்கூடாது எண்டு உமக்கு ஆர் சொல்லித் தாறது?"

"அந்த அக்கான்ரை திறப்பை வாங்கப் போகினம் சேர்."

"கதவை ஒழுங்காச் சாத்தச் சொல்லும். நாங்கள் இதை ஏத்தினாப் பிறகு சரிவரும். கதவைச் சாத்தினதாலைதான் சரிவந்தது எண்டு அவவும் நினைச்சுக்கொள்ளுவா. எல்லாருக்கும் சந்தோசம்."

இதைச் சொல்லும்போது அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். காலையில் மணந்த நாற்றம் அந்த அறையில் இன்னும் கூடுதலாக இருந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் மனம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. ஞாயிறு காலை கந்தோரின் மாதிரிப் பெட்டியையும் இரண்டு வெப்பமானிகளையும் பையில் போட்டுக்கொண்டு குருநகருக்குப் போனேன். மோட்டாருக்குப் பதிலாக ஒரு பல்பைக் கொழுவினேன். இறங்குதுறையில் ஒரு வாளி ஐஸ் வாங்கினேன். ஒரு பை கல்லுப்பும்.

கோயில் மண்டபத்தில் இருபது பெண்கள் அளவில் இருந்தார்கள். திறப்பு ஏற்கெனவே மேசையில், சங்கத் தலைவிக்கு முன்னால் கிடந்தது.

"தம்பி ஐஸ்கிறீம் போடப்போறார் போலை," என்றா பின்வரிசையில் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

வெப்பமானிகளை ஐஸுக்குள் செருகினேன். பல்பு எரிந்தது. எண்களைத் தலைவியே உரத்து வாசித்தா. பத்து, ஆறு, மூன்று, ஒன்று. உப்பைக் கொட்டிக் கிளறினேன். ஐஸில் உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எண் மறைக்குப் போனது. பல்பு அணைந்தது.

"கடும் குளிர் வந்தால் உங்கடை மோட்டார் இப்பிடித்தான் நிக்குது," என்றேன். "பிழை எங்கடை நிரலிலை."

வெளியே எடுத்தேன், எரிந்தது. உள்ளே வைத்தேன், அணைந்தது. மூன்றாம் தரம் தலைவி தானே செய்து பார்த்தா.

"படிச்ச ஆக்கள் கதவு எண்டெல்லோ எழுதித் தந்தவை?" என்று ஒருத்தி கேட்டா.

திறப்புக்காரி எழுந்து வந்து வாளியைச் சுற்றிப் பார்த்தா. "இந்த வாளிக்குக் கதவு எங்கை? ஆராவது காட்டுங்கோ பாப்பம்."

தலைவி திறப்பை மேசையில் அவ பக்கம் தள்ளிவிட்டா. அவ அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தா.

"உது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

"வியாழன், வெள்ளி, சனி," என்று விரல் மடித்தா. "மூண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்."

நான் உப்புத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சேர் என்னோடு கதைக்கவில்லை. மேசையைக் காலி பண்ணும்படி வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பினார். மடிக்கணினியை ஒப்படைக்க முதல், கொம்பைலரை ஒரு தடவை திறந்து பார்த்தேன். என் திருத்தத்தை எடுத்துவிட்டிருந்தார். நான் அழகான பெயர் வைத்த கோப்பில், அவர் கையாலேயே எழுதிய ஒரு புது வரி இருந்தது: குருநகர் என்றால் மட்டும் குறியைப் பார். மறை எண்களுக்கு நான் எழுதிய பரிசோதனைகள் அழிந்திருந்தன. எல்லாம் பச்சை.

தொண்டைமானாற்றில், தோட்டக்காரர்களுக்கு அடுத்ததாக, இறால் வைக்கும் ஒரு குளிரறையும் எங்கள் வாடிக்கையாளர். அதற்கு இரண்டாவது வெப்பமானி போன மாதம்தான் பூட்டினார்கள். அதன் நிரல் என் கையால் போனது. அங்கேயும் திறப்பு யாரோ ஒருவரிடம் இருக்கும்.

மாதிரிப் பெட்டி இன்னும் என் பையில்தான் கிடந்தது. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பை கல்லுப்பு வாங்கிக்கொண்டு தொண்டைமானாற்றுப் பஸ்ஸில் ஏறினேன். ஐஸ் அங்கே கிடைக்கும்.