பாய்மரத்தில் ஒரு மீசை

கடலூரில் சூரியன் கடலில் மறையாது. கீரப்பாளையத்தில் நெல் போடுகிற எங்களுக்கே இது தெரியும். சிதம்பரத்திலிருந்து நாங்கள் அழைத்து வந்த புகைப்படக்காரருக்குத்தான் தெரியவில்லை. வெள்ளிக் கடற்கரை மணலில் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவைக் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டு, "இப்ப பாருங்க, சூரியன் அப்படியே தண்ணில எறங்கும். பின்னாடி பாய்மரப் படகு. முன்னாடி இவங்க ரெண்டு பேரு" என்று கையை விரித்துக் காட்டினார். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டிருந்தது. சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால், ஐஸ்கிரீம் வண்டிகளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து உம்மென்று இருந்த என் வீட்டுக்காரருக்கு அன்று கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். "தம்பி, சூரியன் எங்க ஊருப் பக்கமாத்தான் எறங்கும். எங்க வயலுக்கே வந்திருந்தா வரப்புல நின்னே எடுத்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

வந்தது எங்கள் மகளின் ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு. அவள் அண்ணாமலை நகரில் படித்தவள். பையனும் அங்கேதான் படித்தான், இப்போது சிதம்பரத்தில் பேங்க் வேலை. அவன் அப்பாவுக்குக் கடலூர் துறைமுகத்தில் சொந்தப் படகு உண்டு. எங்களுக்குக் களத்துமேடு எப்படியோ அவர்களுக்குக் கடல் அப்படி. "போன பொங்கல்லேர்ந்துதாம்மா பழக்கம்" என்று மகள் வந்து சொன்னபோது, அவள் அப்பா பல நாள் முரண்டு பிடித்துக் கடைசியில் சரி என்றார். வாய்தான் சொன்னது. மனசு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்ள என்கிற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. டிராக்டர் ஓட்டுகிறவர் இவருக்கு மாப்ள. உரக்கடைக்காரர் மாப்ள. பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர்கூட ஒருநாள் மாப்ள ஆனார். பெண்ணைக் கட்டப்போகிறவன் மட்டும் "அந்தத் தம்பி". நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போதுகூட, "அந்தத் தம்பிய இப்பிடி உக்காரச் சொல்லுங்க" என்றார். மகள் தினமும் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "இன்னிக்காவது சொன்னாரா?" என்று கேட்பாள். அப்பா முழு மனதோடு தன்னை அனுப்பி வைக்கிறாரா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. மண்டபம், புடவை எதைப் பற்றியும் அவளுக்குக் கவலை கிடையாது.

இவருடைய வீம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகள் காலேஜில் இருந்த காலத்தில், இவர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பூட்டு சாவிச் சின்னம். ரோட்டு முனையில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு ஃப்ளெக்ஸ்: கும்பிட்ட கை, முறுக்கிய மீசை, கீழே "என்றும் உங்கள் பணியில்". நன்றாகத் தோற்றார். நான் அவருக்குத்தான் போட்டேன் என்பதை இன்றுவரை நம்ப மாட்டார். அதற்கப்புறம் வீட்டில் பூட்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வெளியே போகும்போது "கதவப் பாத்துக்க" என்றுதான் ஜாடையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த ஃப்ளெக்ஸை, "என் கண்ணுல படாம எங்கயாவது கொண்டு போயிப் போடு" என்று மகளிடம் சொன்னார். பிறகு ஒரு மழைநாளில் நெல்லை மூட இவர் அதைத் தேடியபோது, குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

சூரியன் பின்பக்கம் போய்விட்டதால், பையன்தான் யோசனை சொன்னான். "மாமா, பின்னாடி ஆத்துப் பக்கம் போயிடலாம். அங்க தண்ணிக்கு அந்தாண்டதான் சூரியன் எறங்கும். அப்பாவும் படகோட அங்கதான் இருக்காரு." கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணல்திட்டைத் தாண்டி உப்பனாற்றங்கரைக்குப் போனோம்.

அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடல்காற்று உள்ளே தள்ளுகிற நேரம். முகத்துவாரத்திலிருந்து வந்த படகுகள் சிலவற்றில் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றியிருந்தார்கள். சத்தமே இல்லாமல் வந்தன. எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே வந்தபோது ஒவ்வொரு பாயும் உள்ளே விளக்கு ஏற்றினாற்போல் சிவந்தது. ஒட்டுப் போட்ட இடம், தையல் ஓடிய கோடு, எல்லாம் தெரிந்தது. தண்ணீரில் இன்னொரு பாய் தலைகீழாகக் கூடவே வந்தது. இத்தனை வருஷம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் போனேனே என்று இருந்தது.

"யூரியா சாக்குடி அது" என்றார் வீட்டுக்காரர். உற்றுப் பார்த்தால், சாக்குகளைப் பிரித்துத் தைத்த பாய்தான். அதனால் என்ன? அந்த வெயிலில் யூரியா சாக்கு கூறைப்புடவை மாதிரி இருந்தது.

சம்பந்தி படகைக் கரையோரம் கொண்டுவந்து, "ஏறுங்க சம்பந்தி" என்றார். "எனக்கு வயல் சேறு போதும்" என்று இவர் கரையிலேயே நின்றுகொண்டார். பிள்ளைகள் இரண்டும் ஏறின. புகைப்படக்காரர் பாயை ஏற்றச் சொன்னார்.

"பாய் வேணாண்ணே" என்றான் பையன்.

"ஆமா, சும்மா படகே போதும்" என்றாள் மகள், அவசரமாக. பாய்மரப் படகுதான் வேண்டுமென்று ஒரு வாரமாக எங்கள் உயிரை எடுத்தவள் அவள்.

"பாயில்லாம என்ன சன்செட்டு?" என்றார் புகைப்படக்காரர். சம்பந்தி பாவம், ஒன்றும் தெரியாமல் கயிற்றை இழுத்தார்.

முதலில் நெற்றி ஏறியது. பிறகு மீசை. பிறகு கும்பிட்ட கை. கடைசியாக "என்றும் உங்கள் பணியில்". காற்று வந்து நிறைத்ததும், என் வீட்டுக்காரர் இரண்டு கன்னமும் உப்ப, சூரியனுக்கு முன்னால் செக்கச்செவேலென்று எழுந்து நின்றார். தேர்தலின்போதுகூட அவர் அவ்வளவு அழகாக இல்லை.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. தேர்தல் நடந்தபோது மகள் காலேஜில்; போன பொங்கல் அதற்கு எவ்வளவோ பின்னால்.

"போன பொங்கல்லேர்ந்துதான் பழக்கமா?" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தூக்கிப் போட மனசு வரலப்பா. வீட்ல வச்சா நீங்க கிழிச்சிடுவீங்க. அதான் அவர்ட்ட குடுத்தேன்." எல்லாம் போயிற்று, கல்யாணமே நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்தேன்.

சம்பந்திக்கு இந்தக் கலவரம் எதுவும் எட்டவில்லை. யாரோ பாயைப் பற்றிக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேங்க, தலைகீழாத் திருப்பிக் கட்டுனா காத்து இன்னும் ஜாஸ்தி புடிக்கும்னு. பெரிய மனுசன் படம், தலைகீழாக் கட்டக் கூடாதுன்னு எம் பையன் ஒரே புடியா நின்னுட்டான். அந்த ஓரம் கிழிஞ்சப்பவும், மூஞ்சில ஊசி படாம இவனே உக்காந்து தச்சான்" என்றார். அப்புறம்தான் பாயையும் கரையில் நிற்கிறவரையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

இவர் பாயில் கன்னத்தோரம் ஓடிய அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தல் சமயத்தில் எங்கள் ரோட்டு முனையில் அந்த முகத்துக்குச் சாணி அடித்திருந்தார்கள். நான்தான் கழுவினேன். அது இவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண் கலங்கியதா, வெயில் கூசியதா என்று கேட்டால் வெயில் என்றுதான் சொல்வார்.

காற்று சற்றே தணிந்தது. பாய் துவண்டு, மீசை ஒரு பக்கமாகச் சுருங்கி, மூக்கு வாய்க்குள் போனது. புகைப்படக்காரர் அதைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, விறுவிறுவென்று போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தார்.

"மாப்ள, அந்தக் கயித்த நல்லா இழுத்துப் புடிங்க. எம் மூஞ்சி மடங்குது."

பையன் இழுத்துப் பிடித்தான். மகள் மை எல்லாம் வழிய அழ ஆரம்பித்தாள். "ஐயோ, மேக்கப் போச்சு" என்று புகைப்படக்காரர் கத்தினார். போகட்டும், எடுங்கள் என்றேன்.