அக்காவுக்காக நான் போன வாய்தா

முதல் வாய்தாவுக்குக் குடும்ப நீதிமன்றம் வந்தவர்கள் நானும் அக்கா வீட்டுக்காரரின் அண்ணனும். வராதவர்கள் அக்காவும் மாமாவும். வழக்கு அவர்களுடையது.

பருத்திப்பட்டில் மாமியார் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்ட தன் நாலு வயது மகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி அக்கா போட்ட மனு அது. மாமா துபாயில் டிரைவர். அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி. ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். ரேஷன் கடையோ பேங்க்கோ, எங்கள் வீட்டில் பேசப் போகிறவன் நான்தான். பன்னிரண்டாவதைத் தாண்டியவன் நான் ஒருவனே. செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்க, தனக்குப் பதில் இன்னொருவர் நிற்கலாம் என்று ஊரே பவர் பத்திரம் எழுதுகிறது. அங்கே எழுதும் ஒருவரிடம் அக்காவை ஒரு சாயந்தரம் அழைத்துப்போய் என் பேருக்குப் பவர் வாங்கினேன். அந்தப் பக்கமும் அதையே செய்திருந்தார்கள்.

கோர்ட்டில் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பத்திரத்தை நீட்டினோம். நீதிபதி அம்மா இரண்டையும் பார்த்தார். "கல்யாணம் உங்க ரெண்டு பேருக்குமா நடந்துச்சு?"

பின்னால் சிரித்தார்கள்.

"குழந்தை ராத்திரி அழுதா என்ன சொல்லித் தூங்க வைப்பீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் படித்துக்கொண்டு போன சட்டப்பிரிவு எதிலும் அது இல்லை. "மனை கிரயத்துக்கு பவர் சரி. இங்க பெத்தவங்க பேசணும்" என்று தள்ளிவைத்தார்.

வெளியே மாமாவின் அண்ணன், "இன்னா மச்சான், காலேஜ் படிச்ச உன்னையும் வெளிய அனுப்பிட்டாங்க, என்னையும் அனுப்பிட்டாங்க. வா, டீ சாப்டலாம்" என்றார். நான் போகவில்லை.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா பதறினாள். "அவளுக்கு அங்கல்லாம் பேச வராதுடா. நீயே இன்னொரு வாட்டி கேளு."

அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். "இவன் கேட்டா மருமவள கேக்குறான். நான் கேட்டா என் புள்ளய கேக்குறேன். போனஸ் போவட்டும்மா, நானே போறேன்."

என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

அடுத்த வாய்தாவில் மாமாவின் அண்ணன்தான் மறுபடியும் பவரோடு நின்றார். அக்கா துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு முன்னால் போனாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"அவரால வர முடியலம்மா, அத நான் குத்தம் சொல்லல. அப்பனும் கூட இல்ல, ஆத்தாளும் கூட இல்லன்னா புள்ள எதுக்கு அங்க கீது? ஆறு மணிக்கெல்லாம் நான் ஊட்டுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் எங்கம்மா பாத்துப்பாங்க."

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவது வாய்தாவில் மாமா வீடியோவில் வந்தார். அதிகம் எதிர்க்கவில்லை. வழக்கு முடியும்வரை குழந்தை தாயிடம் என்று உத்தரவானது. அன்றே குழந்தையை அழைத்துவர பருத்திப்பட்டுக்கு ஆட்டோ பிடித்தோம்.

பவர் எழுதிய கூலி, முத்திரைத்தாள், லீவுக்காக அக்கா சம்பளத்தில் பிடித்தது, இரண்டு மாத போனஸ், அந்த ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆன செலவு ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.