மாரிச்சாமி சும்மா நின்ற நாள்

மாரிச்சாமியின் வலது காலைப் பற்றி ரங்கூன் கோல்ஃப் மைதானத்தில் துரைமாரின் மட்டைப் பை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பந்து கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. தன் துரை அடித்த பந்து புதருக்குள் போனால், தேடுகிறவர் மாதிரி முன்னால் ஓடுவார். கால்விரல் இடுக்கில் பந்தைக் கவ்வி, நடை மாறாமல் நல்ல புல்லில் விட்டுவிடுவார். வெறுங்காலில் நடக்கிறவருக்குத்தான் அது முடியும். அரிசி ஆலை மானேஜர் ஹார்ட்லி துரை இரண்டு முறை கோப்பை வாங்கியது இப்படித்தான். துரைக்கும் இது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, முதுகு போனபின் இந்த வேலைக்கு வந்தவர் மாரிச்சாமி. மைதானத்து வேலியோரம் குடிசை போட்டிருந்தார். 1926 மழைக்காலத்தில், அடுப்புப் புகை ஆட்டத்தைக் கெடுக்கிறதென்று ஹார்ட்லி ஆளை விட்டு அங்கிருந்த குடிசைகளையெல்லாம் பிரித்துப் போட்டார். பிள்ளை பெற்று ஒரு வாரமே ஆன அவர் மனைவி தைலம்மாள் கொட்டும் மழையில் நின்றாள். குழந்தை தங்கவில்லை.

அதன் பிறகும் மாரிச்சாமி அதே துரையின் பையைத் தூக்கினார். ஊருக்கு வெளியே தின்கன்ஜூனில் ஒண்டியிருந்த அறையில் சோறு போடும்போதெல்லாம் தைலம்மாள் கேட்பாள்.

"ஒங்க தொரை இன்னைக்கு ஜெயிச்சானா?"

"ஜெயிச்சான்."

"ஒங்க காலு ஜெயிக்க வச்சிச்சின்னு சொல்லுங்க. அந்தக் காலுக்கு ஒரு மாலை வாங்கிப் போடட்டுமா?"

"பொறு புள்ள. கோப்பை ஆட்டம் வரட்டும். மத்த நாள்ல அவன் தோத்தா யாரு பாக்கப் போறா?"

மழை விட்டதும் கோப்பை ஆட்டம் வந்தது. எதிராளி ஒரு டாக்டர் துரை. கடைசிக் குழி வரைக்கும் இருவரும் சமம். ஹார்ட்லி அடித்த பந்து மூங்கில் புதருக்குள் போயிற்று. மாரிச்சாமி ஓடினார். பந்து வேர்களுக்கு நடுவே கிடந்தது. பக்கத்தில் நின்று, இங்கே என்று கை காட்டினார். வேறெதுவும் செய்யவில்லை.

ஹார்ட்லி மட்டையை வீசினார். மூங்கில்தான் தெறித்தது. மறுபடி வீசினார், மறுபடியும். பந்து அசையவில்லை. டாக்டர் வந்து நிற்பதைக்கூட மறந்து, துரைமார் வேலைக்காரர்களிடம் பேசும் கடைத்தெரு இந்துஸ்தானியில் கத்தினார்.

"எப்பவும் வெளியே எடுத்துப் போடுவியே, இன்னைக்கு உன் காலுக்கு என்ன கேடு?"

அந்த இந்துஸ்தானி டாக்டருக்கும் தெரியும். அவர் மாரிச்சாமியைப் பார்த்தார்.

"எப்பவுமா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும்.

"ஆமா சாப். ரெண்டு கோப்பையும் அப்படி வாங்கினதுதான்."

டாக்டர் ஆட்டத்தை அத்தோடு நிறுத்தி, தன் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அந்த வாரமே, கோப்பை வென்றவர்களின் பெயர் எழுதிய கிளப் பலகையிலிருந்து ஹார்ட்லியின் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். மாரிச்சாமியை வேலிக்குள் வரக்கூடாதென்றார்கள்.

வேலை போனதைச் சொன்னபோது தைலம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அவன் மூஞ்சி எப்படி இருந்திச்சி?"

சொன்னார். அவள் விளக்கைத் தூண்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. மெதுவா."