சப்பாத்து எக்ஸ்ரேயும் நான் உடைத்த குழாயும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் மகள் ஷர்மினி சாதாரணமாகச் சொன்னாள்: "மா, இன்னிக்கு ஒரு வெள்ளைக்கார ஆண்ட்டி என் கால் எலும்பப் பார்த்துட்டு கை தட்டினாங்க."

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, காலேஜ் திறக்கும்வரை ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். என்ன எலும்பு என்று கேட்டேன். கடையில் ஒரு பழைய மெஷின் இருக்கிறதாம்: இடுப்பளவு மரப்பெட்டி, கீழே கால் நுழைக்க ஒரு பொந்து, மேலே எட்டிப் பார்க்க மூன்று துளைகள். சுவிட்சை அழுத்தினால், காலில் போட்டிருக்கும் சப்பாத்துக்குள் எலும்பு பச்சையாகத் தெரியுமாம்.

படிக்கும் காலத்தில் படத்தில் பார்த்திருந்ததால் எனக்கு உடனே புரிந்தது. முன்பு சப்பாத்துக் கடைகளில் அளவு சரியா என்று பார்க்கப் பிள்ளைகளின் காலை அதற்குள் விடுவார்கள். ஆபத்து என்று தெரிந்து எப்போதோ கைவிட்டார்கள். எங்கள் அறையில் கதிர் கண் இமைக்கும் நேரம்தான் வரும். நானும் ஈயச் சுவருக்குப் பின்னால் நிற்பேன். அந்தப் பெட்டியிலோ சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும், சுற்றி நிற்பவர்கள்மேலும் கசியும். டூரிஸ்ட் வந்தபோதெல்லாம் ஷர்மினி தன் காலைத்தான் வைத்துக் காட்டியிருக்கிறாள். எத்தனை முறை என்று கேட்டேன்.

"எண்ணலமா. கூட்டம் வந்தா போடுவேன்."

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து கடைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் காசிம் அண்ணன் என்னைவிட வயதில் மூத்தவர். தானாக நிறுத்தும் டைமர் கெட்டுப்போனதால் எலக்ட்ரீஷியன் ஒயரை நேராகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். யாரைக் கேட்டு அதை ஓட்டினீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் பயந்தேன் தங்கச்சி. தொடவே வேணாம்னுதான் சொன்னேன். உங்க மகதான் சொல்லுச்சு, எங்கம்மா தினமும் எக்ஸ்ரே ரூம்லதான் இருக்காங்க, ஒன்னும் ஆகாதுன்னு சொல்வாங்கன்னு. டெக்னீஷியன் வீட்டுப் பிள்ள சொன்னா நம்ப மாட்டமா லா?"

உண்மைதான். எக்ஸ்ரேக்குப் பயந்த சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் பேசுவேன். சுவரையும் தூரத்தையும் நேரத்தையும் பற்றி வீட்டில் ஒருநாளும் விளக்கியதில்லை.

அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. சுத்தியல் கேட்டேன். பிளக்கைப் பிடுங்கிப் பூட்டி வைக்கலாம் என்று காசிம் அண்ணன் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அடிப்பலகையை அவரையே கழற்ற வைத்து, உள்ளே கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயை அடித்து நொறுக்கினேன். வீடு வந்து சேரும்வரை மனசு லேசாக இருந்தது.

மருத்துவமனையில் கதிர் அளவைக் கண்காணிக்கும் அதிகாரி என்னைவிட இளையவர். மறுநாள் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பிளக்க மட்டும் பிடுங்கியிருந்தா போதுமேக்கா. நான் மீட்டரோட வந்து, தூர நின்னு ஒரே ஒரு தடவ போட்டுப் பார்த்திருப்பேன். கால் வச்ச இடத்துல எவ்வளவு, அவ நின்ன இடத்துல எவ்வளவுன்னு கணக்குப் போட்டிருக்கலாம். இப்ப எத அளக்கிறது?"

டாக்டர் ஷர்மினியின் பாதங்களைப் பார்த்தார். தோலில் மாற்றம் இல்லை, அநேகமாகப் பயமில்லை என்றார். அந்த 'அநேகமாக'வோடுதான் இப்போது நாங்கள் இருக்கிறோம்.

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மின்சாரத்தை நிறுத்துங்கள், யாரும் தொடாமல் பூட்டுங்கள், அளக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உடைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தப் பிள்ளை என்றால் இன்னும் கவனமாக இருங்கள். அப்போதுதான் படித்ததெல்லாம் மறந்துபோகும்.

"மொத்தம் எவ்வளவு பட்டிருக்கும்மா?" என்று ஷர்மினி கேட்டாள். அதைச் சொல்லக்கூடிய ஒரே பொருளை நான்தான் உடைத்துவிட்டேன் என்றேன். அவள் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் இழுத்து மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.