இடது வரிசை, வலது வரிசை

ஹேமாவதிக்கு வீடு தேவாரத்தில். கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரை பால் சங்கங்களில், பால் சோதிக்கும் மெஷினைக் கம்ப்யூட்டர் பெட்டியோடு இணைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. ஏதாவது மக்கர் பண்ணினால் மெஷினைத் திட்ட மாட்டாள். "அண்ணே, கடைசியா யாரு கை வச்சது?" என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எங்கள் சங்கத்தில் கை வைக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

எங்களிடம் இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு மெஷின். இரண்டின் யூஎஸ்பி வயரும் ஒரே பெட்டிக்குப் போகும். உள்ளே ஓடுவது லினக்ஸ். வயர்கள் ஒரே நம்பர் போட்டு வந்த சல்லிசான சரக்கு என்பதால் எது எந்த மெஷின் என்று பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் இந்தத் துளை இடது, அந்தத் துளை வலது என்று ஹேமாவதி அதற்குள் எழுதி வைத்திருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. நான் வயரையெல்லாம் பிடுங்கி, பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பச் சொருகினேன். பெட்டி பளபளவென்று இருந்தது.

மறுநாளிலிருந்து மொக்கம்மாளின் பாலில் தண்ணீர் என்று திரை காட்டியது. அவர் தினமும் இடது வரிசையில் முதல் ஆள். இருபது வருஷத்தில் ஒரு சொல் வாங்கியதில்லை. வலது வரிசையில் முதல் கேன் செயலாளர் பொன்னுராஜ் வீட்டுக் கேன். பூஜைக்கு வந்த சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் தங்கி, காபியாகக் குடித்துத் தள்ளியும் அதில் பால் குறையவில்லை, கொழுப்பும் கூடியிருந்தது. "புண்ணாக்க மாத்துனோம்ல" என்றார்.

மூன்றாம் நாள் அவரே வாசல் கரும்பலகையில், 'பாலில் தண்ணீர் கலந்தவர்: மொக்கம்மாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"நான் கலக்கலப்பா. மெஷின் மாட்டுன அந்தப் புள்ளைய வரச் சொல்லு" என்றார் மொக்கம்மாள்.

அடுத்த நாள் காலை, பால் ஊற்ற ஆள் கூடும் நேரத்துக்கே ஹேமாவதி வந்துவிட்டாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை இடது மெஷினில் வைத்தாள். திரையில் வலது பக்கம் கொழுப்பு பூஜ்யம் என்று விழுந்தது.

"அண்ணே, கடைசியா யாரு கை வச்சது?"

"சாமி கும்பிட்டோம் தாயி" என்றேன்.

"வயர மாத்திச் சொருகிட்டீக. இங்கன நின்னவுக பாலு அங்கன நின்னவுக பேருல ஏறியிருக்கு."

சரியாகச் சொருகினாள். ஒரு வயருக்கும் அதன் துளைக்கும் குங்குமப் பொட்டு, மற்றதற்கு மஞ்சள். அடுத்த பூஜைக்கு நான் எப்படிச் சொருகுவேன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. பிறகு லேப்டாப்பைத் திறந்து மூன்று நாள் பதிவையும் இடம் மாற்றினாள். திரையில் தண்ணீர் காட்டிய முதல் கேனுக்கு நேராக வந்த பெயரை எல்லோரும் வாசித்தோம். செயலாளர் தன் வீட்டுக்கு போன் போட்டார். எடுத்த அவர் மனைவி என்ன சொன்னாரோ, முகம் சுண்டிப்போய் வைத்துவிட்டார்.

கேனோடு வரிசையில் உட்கார்ந்திருந்த மொக்கம்மாள் எழுந்து போய்க் கரும்பலகையில் தன் பெயரை மட்டும் முந்தானையால் அழித்தார். மற்றதை அப்படியே விட்டுவிட்டு சாக்பீஸைச் செயலாளரிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க தம்பி. உங்க எழுத்துத்தான் தூரத்துல இருந்தும் தெரியுது."