ஐயாவின் தகரப் புனல்

கைப்பேசியை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினான். ஐயாவின் மூக்குக்கண்ணாடி, வெற்றிலைச் செல்லம், கோயிலுக்கு எடுத்துப்போகும் வெள்ளிக் கிண்ணம். அதற்கு அப்புறம் ஒரு தகரப் புனல் வந்தது. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. காது அறுந்துபோன இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. அதைப் பற்றவைக்கக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போனவளே நான்தான், எனக்கா அடையாளம் தெரியாது? படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள். "எளிமையின் சின்னம்: தம் காருக்குத் தாமே எரிபொருள் ஊற்றிய ஐயா." எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். பிள்ளை வாங்கிவந்த பால்கோவாவை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அவன் ஐயாவின் பேரன். ஐயாவுக்கு நூறு வயது நிறைகிறதாம். ஆள் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஆனாலும் விழா எடுக்கிறார்கள், அவர் சாமான்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள், மலர் போடுகிறார்கள். "பழைய ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க பாட்டி. தாத்தாவோட நல்ல குணத்தப் பத்தி ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றான். நான் மந்தைவெளி கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் வராது. எழுத வரும். அவன் கேட்டது இரண்டு வரி; எனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது.

தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த அந்த வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். ஐயாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். நெற்றி நிறைய விபூதி, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை வேட்டி. ஊரைவிட்டுப் போகும் யாரோ ஒரு பெரிய மனிதரிடமிருந்து அவர் ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார். கப்பல் மாதிரி நீளம், பச்சை நிறம். அதை ஓட்ட வந்தவரை எல்லோரும் டிரைவர் பாய் என்றுதான் கூப்பிடுவோம். திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் வீடு. காருக்கு அவர் பேகம் என்று பெயர் வைத்திருந்தார். காலையில் வந்ததும் முன்மூடியைத் திறந்து எஞ்சின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். "இன்னா தங்கச்சி, பேகம் ராத்திரி நல்லா தூங்குச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். அந்த வீட்டில் என்னிடம் வேலை ஏவாமல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்கில் இரண்டு பம்பு இருக்கும். ஒன்றில் சாதா, ஒன்றில் உசத்தி. சின்ன வண்டிகளுக்குச் சாதாவே போதும், உசத்தியைப் போட்டால் காசுக்குத்தான் கேடு என்பார் பாய். ஆனால் பேகத்தின் எஞ்சின் இறுக்கிக் கட்டியது, அதற்கு உசத்திதான் போட வேண்டும், சாதாவைப் போட்டால் உள்ளே நேரம் தப்பி வெடிக்கும், சுத்தியால் தட்டுவதுபோலச் சத்தம் வரும், கொஞ்ச நாளில் எஞ்சினே போய்விடும் என்று அவர் ஐயாவிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். "மொதலாளி, பேகத்த ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டு கஞ்சி ஊத்துனா ஒதைப்பா மொதலாளி. பிரியாணிதான் போடணும்." ஐயா அன்றைக்குச் சிரித்தார். அவர் சிரித்தால் பல்லில் வெற்றிலைச் சாறு நூல் விடும்.

எழுபத்து மூன்று, நாலில் பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறியது. ஐயா சாதாவுக்கு மாறினார். அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். காரில் வெளி மனிதர்கள் இருந்தால் கண்ணாடியை இறக்கித் தெருவுக்கே கேட்கும்படி, "ஒசந்ததப் போடும்வே!" என்பார். யாரும் இல்லாத நாளில் சாதா. அதுவும் போதவில்லை அவருக்கு. கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிறவர்களின் ரேஷன் கார்டுகளை, 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கி வைத்துக்கொண்டார். என் அம்மாவுடைய கார்டும் அதில் இருந்தது. அத்தனை கார்டையும் தூக்கிக்கொண்டு நான்தான் கிருஷ்ணாயில் வரிசையில் நிற்பேன். அந்த எண்ணெய் யார் வீட்டு ஸ்டவ்வுக்கும் போகவில்லை. எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பை ஊதி ஊதி அம்மாவுக்கு இருமல் நிற்காது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஐயா பாயை ஏதாவது வாங்கிவர வெளியே அனுப்பிவிடுவார். அடுக்களையில் மாட்டியிருக்கும் தகரப் புனலை எடுத்துக்கொண்டு நான் கார் கொட்டகைக்குப் போக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி, கற்பூரம் தொட்டுக் கும்பிட்ட அதே கையால் டின்னைத் தூக்கிப் பெட்ரோல் டாங்கில் கிருஷ்ணாயிலை ஊற்றுவார். புனலைச் சாயாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. எண்ணெய் வழிந்து மணிக்கட்டு வரை வரும். மூச்சு வாங்கிக்கொண்டே குனிவார், விபூதி உதிர்ந்து புனலுக்குள் விழும். "ஏ புள்ள, வெளிய மூச்சு விடக் கூடாது, தெரியுதா?" தலையை ஆட்டுவேன். அரப்புப் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் போகாது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் அதுதான் முதலில் வரும்.

பாய்க்குத் தெரியாமலா இருக்கும்? பேகம் தட்ட ஆரம்பித்தாள், கறுப்பாய்ப் புகை விட்டாள். சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நின்ற இடத்திலேயே உதறினாள். பாய் ஐயாவிடம் நேராகவே கேட்டார். ஐயா சொன்ன பதில் எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: "ஓட்டுதது ஒம்ம சோலி. ஊத்துதது எஞ் சோலி." அன்று சாயங்காலம் பாய் கிணற்றடிக்கு வந்தார். "தங்கச்சி, ஒன் கையி அடிக்கிற வாசன பேகத்து வாயிலயும் அடிக்குது. நான் ஒன்னும் கேக்கல. நாளைக்கி எனுக்கு ஒன்னுன்னா உள்ளத சொல்லு, அது போதும்." நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. ஐயாவின் மகளுக்கு அடையாறில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. சீரோடு அந்தக் காரையும் தருவதாக ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே பட்டறையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மதியம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். திரும்பும்போது ஐயா அவரைக் காரிலேயே அழைத்துப்போனார். பாய் ஓட்ட, சம்பந்தி முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஐயாவும் அவர் வீட்டம்மாவும். அவர்கள் காலடியில் பழத்தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நான்.

அடையாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் பேகம் தட்டத் தொடங்கினாள். ஒரு குலுக்கு, இன்னொரு குலுக்கு, பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். சம்பந்தி இறங்கிப் போய் டாங்கின் மூடியைத் திறந்தார். கைக்குட்டையைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்து முகர்ந்தார். "என்னங்க இது? கிருஷ்ணாயில்னா நாறுது!" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஐயா இறங்கிப் பாயின் கன்னத்தில் அறைந்தார். யோசிக்கக்கூட இல்லை. அந்த அறை எத்தனையோ நாளாக அவர் கையில் தயாராக இருந்திருக்க வேண்டும். "திருட்டுப் பயல! பெட்ரோல வித்துப்புட்டு மண்ணெண்ணெய ஊத்தியிருக்கான் பாருங்க சம்பந்தி! ஒசந்ததுக்குல்லா நான் காசு குடுக்கேன்!"

பாய் கன்னத்தைத் தடவவில்லை. சம்பந்தியைப் பார்த்து, "சார், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அந்தப் பொண்ணக் கேளுங்க. அது பொய் சொல்லாது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா பார்த்தார். வீட்டம்மா பார்த்தாள். பாலத்துச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தவர்களும் பார்த்தார்கள். என் மடியில் மாதுளம்பழத் தட்டு. என் விரலில் அந்த நாற்றம் அப்போதும் இருந்தது. சம்பந்தி குனிந்து முகர்ந்திருந்தால் போதும்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

கூச்சம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயசு, பயம், வீட்டு நிலைமை என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். கூச்சப்படுகிறவள் பேசாமல்தானே இருப்பாள்? நான் பேசினேனே. பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார், அது ஐயா வாங்கிக் கொடுத்த டிரைவர் தொப்பி, சாவியோடு சேர்த்து முன்மூடி மேல் வைத்தார். பேகத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு மயிலாப்பூர்ப் பக்கமாக நடந்தார்.

வீடு திரும்பியதும் ஐயா செய்த முதல் காரியம், "அந்தப் புனலச் சாம்பல் போட்டுத் தேச்சு, இருந்த எடத்துல மாட்டு" என்று என்னிடம் சொன்னது. தேய்த்தேன். பளபளவென்று தேய்த்தேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு நீலப் பாவாடை வந்தது. சீ, அதையும் உடுத்திக்கொண்டேன். கல்யாணம் நடந்தது. விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஐயா அந்தக் கதையைச் சொல்வார். "எம் வீட்டு உப்பத் தின்னுட்டு எம் வண்டிக்கே வெசத்த ஊத்துனாம்வே!" சொல்லும்போது கண் கலங்கும். முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, அவர் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டார். பொய்யைச் சொன்னதைவிட அந்தக் கண்ணீர்தான் எனக்கு அருவருப்பு. ரசம் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் பாய்க்கு ஒரு வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பார்த்தேன், சைக்கிள் ரிக்‌ஷா மிதித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். எனக்கு முன்னால் வந்து நிறுத்தினார். "இன்னா தங்கச்சி, நல்லாக்கீறியா? ஒக்காரு, பஸ் ஸ்டாப்பு வரிக்கும் உட்டுடுறேன். இதுக்கு சாதாவும் வேணாம், ஒஸ்தியும் வேணாம். ரெண்டு டீ ஊத்துனா போவும்." சிரித்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று சொன்ன மனிதர். நான் தெருவைத் தாண்டி ஓடிவிட்டேன். அதற்கு அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நேற்று பிள்ளை மறுபடியும் பால்கோவாவோடு வந்து, நின்றபடியே படித்தான். பாதியில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப்போயிற்று. படித்து முடித்ததும் சின்னக் குரலில், "பாட்டி, அந்தப் புனல விழாவுல வைக்காம எடுத்துடவா?" என்றான்.

நல்ல பிள்ளை. ஆனாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. புனலைத் தேய்த்து, இருந்த இடத்தில் மாட்டச் சொல்கிறான்.

"எடுக்காத" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அங்கயே இருக்கட்டும். கீழ இருக்கிற எழுத்த மாத்து. ஊத்துனது ஐயா. பிடிச்சது நான், என் பேரையும் போடு. அடி வாங்குனது டிரைவர் பாய்."

அவன் எழுதிக்கொண்டானா, எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டானா, தெரியவில்லை. தட்டில் இருந்த பால்கோவாவை என் பக்கம் நகர்த்தினான். எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகும்போது விரலில் அந்த நாற்றம் அடித்தது.