திருப்பித் தர வந்தவள்

கடன் வசூலிக்க வருகிறவளைக் கண்டால் ஜனங்கள் பயப்படுவார்கள். பணத்தைத் திருப்பித் தர வருகிறவளைக் கண்டால் அதைவிடப் பயப்படுவார்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே கட் பண்ணிவிடும் சகோதர சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரகடம் பக்கம் வீட்டுக் கடன் கொடுத்த ஒரு கம்பெனி, சொன்ன வட்டி ஒன்று, பிடித்த வட்டி ஒன்று என்று நடந்துகொண்டது. கேஸ் நடந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தரச் சொல்லி உத்தரவானது. அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லும் வேலைக்கு அந்தக் கம்பெனியே என்னை எடுத்தது.

அணைந்த டிவி

சேரப்பணஞ்சேரியில் முதல் வீடு. கதவைத் தட்டிக் கம்பெனி பெயரைச் சொன்னதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது. ஃபேனும் நின்றது. ஏதோ கேட்க ஆரம்பித்த குழந்தையின் குரல் பாதியில் அமுங்கியது.

"அக்கா, வசூலுக்கு வரலை. உங்க பணத்தைத் திருப்பித் தர்றாங்க" என்று கதவிடம் சொன்னேன். வெயிலில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருவழியாக ஜன்னல் கொஞ்சம் திறந்தது. கார் பார்ட்ஸ் கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் செல்வி. யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை, முகமெல்லாம் வியர்வை. ஐடி கார்டை நீட்டினேன். தொடவில்லை. "போன தபா வந்தவனும் இதே மாதிரி கார்டு காட்டிக்கினு, சிரிச்சிக்கினுதான் வந்தான்" என்றாள்.

சுவரில் சிவப்பு எழுத்து

சுங்குவார்சத்திரம் முருகேசன் திருநெல்வேலிக்காரர். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். டியூ ஒழுங்காகக் கட்டியும், அவர் வீட்டுச் சுவரில் 'இந்த வீடு அடமானத்தில் உள்ளது' என்று சிவப்பு பெயின்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி பேச்சியம்மாள் அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, மழையிலும் எடுக்காமல் வைத்திருந்தார்.

அதை அழித்துத் தரவும் உத்தரவு. பெயின்டரோடு போய் இறங்கினேன். பக்கெட்டைப் பார்த்ததும் பேச்சியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இன்னும் என்னத்த எழுதப் போறீய?" என்று அலறினார். அவரைச் சமாதானப்படுத்தி வெள்ளையடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. முருகேசன் கூட்டத்தைப் பார்த்தபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எழுதும்போதும் இவ்வளவு பேரும் நின்னாவ மேடம். அழிக்கத்தான் வந்திருக்கேன்னு நீங்களே சத்தமா ஒருக்கா சொல்லிருங்க."

ஏலம் போன வீடு

வாலாஜாபாத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தாமுவின் வீடு அநியாயமாக ஏலம் போயிருந்தது. நான் போனபோது அங்கே வேறு குடும்பம். அவர்களும் கடன் வாங்கித்தான் அந்த வீட்டை எடுத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "வூட்ட திரும்பக் கேப்பாங்களா?" இல்லை, தாமுவுக்குப் பணம்தான் என்றேன். நான் வண்டியை எடுக்கும்வரை வாசலை மறித்தே நின்றாள்.

தாமு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். நஷ்டஈடு வரும், வீடு வராது என்று சொன்னேன். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. பணம் வாங்குவதற்கான படிவத்தோடு பேனாவை நீட்டியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடன் கொடுத்த அன்று வெற்றுத்தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிம்மா. கையெழுத்து போடாம குடுக்க முடியுமா?"

வட்டியைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஆபீசில் வழி செய்துவிட்டார்கள். கொடுத்த பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இன்னும் கவுன்டர் திறக்கவில்லை.